இரண்டு லிட்டர் கேன்

வாரத்துக்கு மூன்று நாள் மாமியாரை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போய் ஏற்றிப்போய் மருமகளும் ஓய்ந்துவிட்டாள், காரும் ஓய்ந்துவிட்டது. மேம்பாலம் ஏறினாலே இன்ஜின் கொதிக்கும். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றியே காலம் தள்ளியதற்குக் கிடைத்த பலன். நடுவழியில் நின்றால் அத்தையின் முறை போய்விடும். அந்தப் பயத்தில் அன்று காலை டெம்பரேச்சர் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினாள். பின் இருக்கையில் அத்தை. அவர் காலடியில் கூலன்ட்டும், அதில் கலக்க மெக்கானிக் வாங்கச் சொன்ன இரண்டு லிட்டர் சுத்தத் தண்ணீர்க் கேனும்.

ஆஸ்பத்திரியில் எடை பார்த்த நர்ஸ் முகம் சுளித்தார்.

"முக்கால் கிலோ கூட இருக்கு. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணிக்கு மேல குடுக்காதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"அளந்துதான் குடுக்கறேன் சிஸ்டர்," என்றாள் மருமகள், சத்தியம் பண்ணாத குறையாக. அத்தை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மருமகளுக்கு அழுகை வந்தது. அழவும் தெம்பில்லை.

திரும்பும் வழியில் ஒர்க்‌ஷாப். மெக்கானிக் ரேடியேட்டரின் பழைய தண்ணீரை இறக்கிக்கொண்டிருக்க, அவளே இரண்டு லிட்டர் கூலன்ட்டையும் கேனையும் வாளியில் கவிழ்த்தாள். நினைப்பெல்லாம் ஆபீசில் கேட்ட அரை நாள் லீவில். மெக்கானிக் ஒரு சொட்டு எடுத்துக் கலவையின் அளவு காட்டும் கருவியில் விட்டுப் பார்த்தார்.

"பாதிக்குப் பாதின்னு சொன்னேனேக்கா. தண்ணி முக்கால் லிட்டர் கம்மி."

"கெட்டியா இருந்தா நல்லதுதானே?"

"எங்க நல்லது? சூட்டை இழுத்துட்டுப் போறதே தண்ணிதான். அது கொறஞ்சா மறுபடி கொதிக்கும்."

"கேனை முழுசாத்தானே ஊத்தினேன்..."

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் அத்தை, ஊசி குத்திய கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"காருக்கு வாங்கினதை யாரு அளக்கப் போறான்னு நெனச்சுட்டேன்மா."

கத்தத்தான் வாயெடுத்தாள். "உங்க உடம்புக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல அத்தை?"

"தெரியும். நீ ஒவ்வொரு சிக்னல்லயும் பாட்டிலைத் தூக்கி மடக்கு மடக்குன்னு குடிக்கறே. நான் பின்னாடி உக்காந்து பார்த்துக்கிட்டே வரேன்." அந்தக் குரலில் குறை இல்லை, களைப்புதான் இருந்தது.

மெக்கானிக் தன்னிடமிருந்த தண்ணீரை அளந்து கலந்து நிரப்பிக் கொடுத்தார். கிளம்புமுன் மருமகள் தன் பாட்டிலை முன் இருக்கையிலிருந்து எடுத்து டிக்கியில் போட்டு மூடினாள்.

மேம்பாலத்தில் முள் அசையவில்லை. அவளுக்குத்தான் நாக்கு வறண்டது. வீட்டுக்கு இன்னும் ஆறு சிக்னல் இருந்தது.