வேலம்பாசிக்கு ஊர்வல விளக்கு

கல்யாணராமன் கையில் ஒப்படைக்கப்பட்ட செடி எதுவும் அதுவரை உயிரோடு மீண்டதில்லை. அதனால்தான் தங்கையின் பிரசவத்துக்காகத் திருச்சிக்குக் கிளம்பும்போது ஜலஜா அவரை மீன்தொட்டியின் முன்னால் நிறுத்திவைத்துச் சொன்னாள்.

"ஏன்னா, மீன் எப்படியும் பிழைச்சுக்கும். பசிச்சா மேல வந்து வாயைத் திறக்கும். தண்ணிக்குள்ள இருக்கற இந்த வேலம்பாசிச் செடிதான் வாயில்லாத ஜீவன். நான் வரச்சே பச்சையா இருக்கணும். இல்லேன்னா பெட்டியைத் திறக்கவே மாட்டேன், அப்படியே திரும்பிப் போயிடுவேன்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டெல்லி மாநகரத்தில் அவளுக்குப் பிடித்திருந்தது அந்தத் தொட்டி ஒன்றுதான். இரண்டாவது இடம் தனக்கு என்று கல்யாணராமனுக்கு ஒரு நம்பிக்கை உண்டு, நிச்சயமில்லை.

மார்கழி பிறந்ததும் அவர்கள் குடியிருந்த மோதி பாக் காலனியைப் பனிமூட்டம் போர்த்திக்கொண்டது. ஜன்னல் வெயில் நின்றது. வேலம்பாசி மஞ்சள் காமாலை கண்ட மாதிரி ஆயிற்று. கல்யாணராமன் நூறு வாட் பல்பு ஒன்றைத் தொட்டிக்குமேல் தாழ்வாகத் தொங்கவிட்டார். காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் தொட்டித் தண்ணீர் எண்ணெய்க் குளியலுக்குத் தயாராக இருந்தது. மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கின. பல்பை உயர்த்திக் கட்டினார். மீன்கள் பிழைத்தன, வெளிச்சம் செடியை விட்டுவிட்டு எதிர்ச் சுவர் காலண்டரில் விழுந்தது.

அடுத்தது ட்யூப்லைட். கடையில் வெள்ளை, இளமஞ்சள் என்று இரண்டு ரகம் இருந்தது. கல்யாணராமன் டிபன் டப்பாவைத் திறந்து, கொண்டுபோயிருந்த ஒரு துண்டு வேலம்பாசியை ஒவ்வொன்றுக்கும் கீழே மாற்றி மாற்றிப் பிடித்தார்.

"பையா, எதுல இது சந்தோஷமா இருக்கு?" என்று தம் ஆபீஸ் இந்தியில் கேட்டார்.

கடைக்காரர் செடியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "வெள்ளைல கொஞ்சம் சிரிக்குது சாப்" என்றார்.

வெள்ளையையே வாங்கி மாட்டினார். மோதி பாக்கின் வோல்டேஜில் அது எரியவில்லை, கண்ணடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் காலனி டிரான்ஸ்பார்மர் கருகியதும் கண்ணடிப்பதும் நின்றது. எப்போது சரியாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு ஜலஜா வரவேண்டிய வண்டி ஆக்ராவைத் தாண்டாமல் பனியில் நிற்கிறது, நாளைக்குத்தான் வரும் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். ஒரு பகல் கையில் இருந்தது.

அப்போதுதான் மார்க்கெட் மூலையில் கல்யாண பேண்டுக் கடை அவர் கண்ணில் பட்டது. வடக்கத்திக்காரர்களுக்கும் அது கல்யாணம் செய்யாத மாதம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் தலைமேல் சுமந்து போகும் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் வரிசையாகச் சும்மா கிடந்தன.

"விளக்கு மட்டும் போதும் பையா."

"விளக்கைத் தனியா அனுப்பறதில்ல சாப். குறைஞ்சது டோல் மேளம் அடிக்கற ஒருத்தராவது கூட வருவார். மாப்பிள்ளை எங்க?"

"தண்ணில."

"அச்சா" என்றார் கடைக்காரர். இருபது வருஷமாக மாப்பிள்ளைகளைப் பார்த்தவர், மேற்கொண்டு கேட்கவில்லை. "குதிரை?"

"வேண்டாம். மாடி வீடு."

தலையில் விளக்கோடு இரண்டு பேர் தொட்டிக்கு இருபுறமும் நின்றார்கள். நிற்கத்தான் அவர்களால் முடியவில்லை. ஊர்வலத்தில் நடந்தே பழகிய கால்கள். சற்று நேரத்தில் இருவரும் தொட்டியை மெல்லச் சுற்றி வர ஆரம்பித்தார்கள். மீன்களும் உள்ளே சுற்றின. டோல்காரர் வாங்கிய கூலிக்கு வஞ்சகம் செய்யாமல் அடித்தார்.

கீழ்வீட்டு ராஜகோபாலன் மூச்சிரைக்க ஏறி வந்தார். "ஓய், மார்கழில கல்யாணமா? அதுவும் மாமி ஊர்ல இல்லாத சமயமாப் பார்த்து?"

"சத்தம் போடாதேயும். செடிக்கு வெளிச்சம் காட்டிண்டிருக்கேன்."

"செடிக்கு எதுக்குங்காணும் மேளம்?"

"விளக்கைத் தனியாக் குடுக்க மாட்டேங்கறான்."

ராஜகோபாலன் நம்பவில்லை. பெண் எங்கே என்று சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். அதற்குள் படிக்கட்டு நிறையக் காலனி ஜனம். வராது என்ற வண்டி வந்துவிட்டிருந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு, பெட்டியும் கையுமாக ஜலஜா உள்ளே நுழைந்தாள்.

"மாமி, நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்..." என்று ராஜகோபாலன் முந்திக்கொண்டார்.

அவள் அவரையும் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. நேராகத் தொட்டியிடம் போனாள். ரயில் கரியோடு வளைக்கையைத் தண்ணீருக்குள் விட்டு, அழுகிய தண்டுகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துப் போட்டாள். ஒரே ஒரு தண்டு மிஞ்சியது. அதன் நுனியில் நகக்கண் அளவுக்குப் புதுத் தளிர். அதிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் புறப்பட்டு மேலே வந்தன. டோல் நின்றது. கல்யாணராமன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜலஜா விளக்குக்காரர் பக்கம் திரும்பினாள். "பையா, கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்கோ. அடிவரைக்கும் வெளிச்சம் போகலை." பிறகு புருஷனிடம், "கரண்ட் வர்ற வரைக்கும் நாளைக்கும் இவாளை வரச் சொல்லுங்கோ. இந்த டோல் மட்டும் வேண்டாம்."

டோல்காரரின் முகம் விழுந்தது. ஜலஜா அதைக் கவனித்தாள்.

"சரி, மெதுவா அடிக்கச் சொல்லுங்கோ" என்றபடி பெட்டியைத் திறந்தாள்.