ஜீப்பு குடித்த எண்ணெய்

சவப்பெட்டி வந்து இறங்கிய நேரத்தில் அர்ச்சுனன் ஜீப்பின் எண்ணெய் டேங்குக்குள் குச்சி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் கூடத்தில் கிடக்கிறார், தம்பி வாசலில் டீசல் அளக்கிறான். பந்தலில் இருந்தவர்கள் பார்த்த பார்வைக்குக் குச்சியே பற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அவன்மேல் பழி சொல்ல முடியாது. பெற்றவர்கள் கிடக்கும் தோட்டத்துச் சுடுகாட்டில்தான் தன்னையும் புதைக்க வேண்டும் என்று அண்ணன் பிச்சைமுத்து எப்போதோ சொல்லிவைத்துவிட்டார். கோப்பெங்குக்கு அப்பால், துண்டுபோட்டு விற்றுவிட்ட தோட்டம் அது. கடைசி இரண்டு மைலும் செம்மண் சேறு. ஈப்போவில் உள்ள சவ வண்டி எதுவும் அதற்குள் இறங்காது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி எங்கள் வீட்டு வரிசையில் ஒன்றே ஒன்றுதான். அது செத்துப்போனவருடையது.

குச்சியில் இரண்டு விரல்கடை நனைந்திருந்தது.

"நாலு நாளைக்கு முன்னாடிதான் ரொப்புனது. காய்ச்சல் வர்றதுக்கு முன்ன ஒரே ஒரு நாளுதான் ஓட்டியிருக்காரு. எங்க போச்சு?" என்றான், யாரிடமும் இல்லாமல்.

பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் பாக்கை ஒதுக்கிக்கொண்டு, "எப்பவும் போற எடத்துக்குத்தான் போயிருக்கும்," என்று மோவாயால் வடக்கைக் காட்டினாள். வடக்கே இருக்கிற ஊர் செமோர்.

இந்தச் செமோர் சங்கதி எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

தோட்டத்தை விற்றபோது மானேஜர் பங்களாவில் நின்ற பழைய டீசல் ஜீப்பை அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கினார்கள். செம்பனைக் காடுகளுக்கு லாலான் புல் வெட்டுகிற ஆட்களை ஏற்றிப்போகிற தொழில். ஒரு வாரம் அண்ணன் ஓட்டுவார், மறு வாரம் தம்பி. தம்பி ஓட்டினால் கேலனுக்கு இருபத்துநாலு மைல். அண்ணன் ஓட்டினால் பதினாறு. அதே வண்டி, அதே ரோடு, அதே ஆட்கள்.

ஷரபுதீன் பாயின் பட்டறைக்குக் கொண்டுபோனான் அர்ச்சுனன். பாய் காற்று வடிகட்டியைக் கழற்றி ஒரு தோட்டத்து மண்ணையே அதிலிருந்து உதறிக் கொட்டினார். எண்ணெய் பீச்சுகிற நாசில்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். சக்கரத்தைத் தூக்கி வைத்துச் சுற்றிவிட்டு பிரேக் பிடிக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். அடியில் அட்டை விரித்து ஒழுகுகிறதா என்று பார்த்தார். ஒரு குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. கிளட்ச் தட்டு தேய்ந்திருந்தது. புதுசு போட்டார். ஆறு மாதத்தில் அதுவும் தேய்ந்தது.

"ஒங்க அண்ணன் கிளட்ச் மிதியில கால வச்சுக்கிட்டே ஓட்டுறாருப்பா. தட்டு சரியாப் புடிக்காது. இஞ்சின் கத்தும், சக்கரம் நவுராது. எண்ணெய் போவாம என்ன செய்யும்?" என்றார் பாய்.

பிச்சைமுத்துவுக்கு வந்த கோபத்தை நாங்கள் எல்லாரும் கேட்டோம். எங்கள் வரிசையில் சுவர் அவ்வளவு மெலிசு.

"இருவது வருசமா லாரி ஓட்டுனவன்டா நானு. மாரியாத்தா மேல சத்தியமா சொல்றேன், கால எடுத்துட்டுத்தான் ஓட்டுறேன்!"

அர்ச்சுனன் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து போனான். அண்ணன் ரோட்டைப் பார்த்த நேரத்தைவிடத் தன் காலைக் குனிந்து பார்த்த நேரம் அதிகம். ஆனால் கால் மிதிமேல் இல்லை. அன்றைக்குக் கேலனுக்கு இருபத்துமூன்று மைல் வந்தது.

அதற்குமேல் ஒரு தம்பி என்னதான் நினைப்பான்? கிணற்றடியில் அண்ணியிடம் ஒரு வார்த்தை விட்டான். "அண்ணன் தனியா போறப்ப செமோர் பக்கம் எங்கயாச்சும் சுத்திட்டு வர்றாரோ என்னமோ." ஏன் செமோர் என்றான் என்று அவனுக்கே தெரியாது. சித்தியவான் என்று சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பான்.

மற்றதையெல்லாம் வரிசை பார்த்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் செமோரில் ஒரு பெண் குடியேறிவிட்டாள். மறுநாள் அவள் வீட்டுக்கு நீலக் கதவு வைத்தோம். வாரம் முடிவதற்குள் அந்தக் கதவு முன்னால் ஜீப்பு நின்றதைக் கண்ணால் பார்த்தவர்கள் மூன்று பேர்.

செல்லாயி அன்றிலிருந்து புருஷனோடு பேசுவதை விட்டாள். சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஏழு வாரம். பிச்சைமுத்துவுக்கு எதற்காக என்று தெரிந்ததா என்பதும் யாருக்கும் தெரியாது. பிறகு மூன்று நாள் காய்ச்சல். மருந்துக்கடை மாத்திரை. நாலாம் நாள் விடியும்போது முடிந்துவிட்டார்.

"அர்ச்சுனா, குளிப்பாட்டணும், வாய்யா," என்று யாரோ கூப்பிட்டார்கள்.

பிள்ளை இல்லாதவர். எல்லாம் தம்பிதான் செய்ய வேண்டும். பின்கட்டில் பலகைமேல் கிடத்தி ஆண்கள் நாலு பேர் தண்ணீர் ஊற்றினார்கள். தலைக்குச் சீயக்காய் தேய்த்து, நெஞ்சு, கை என்று இறங்கிவந்த அர்ச்சுனன், இடது காலின் உறையை உருவினான். காய்ச்சலில் குளிருகிறது என்று போட்டுக்கொண்ட உறை. நாற்றம் முதலில் வந்தது. உள்ளங்காலில் ஐந்து காசு அகலத்துக்கு ஒரு குழி. ஓரமெல்லாம் கறுத்திருந்தது. குழிக்குள் என்னவோ மின்னியது. விரலால் நெம்பினான். ஒரு சின்னத் திருகாணி.

தண்ணீர் ஊற்றியவர் கையை நிறுத்திவிட்டார். "இத வச்சிக்கிட்டா நடந்தாரு?"

அர்ச்சுனன் ஆணியை ஈரக் கையில் மூடிக்கொண்டு வாசலுக்குப் போனான். ஷரபுதீன் பாய் ஜீப்பின் பின்பலகையை இறக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், இது அண்ணன் காலுக்குள்ள இருந்துச்சு. எடது காலு."

பாய் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "அவருக்குச் சக்கரை வியாதியா?"

"தெரியலையே. செம்பு செம்பா தண்ணி குடிப்பாரு."

"எங்க அத்தாவுக்கு அப்படித்தான். செருப்பு கழண்டு ரோட்டுல கெடக்கும், அவரு வீட்டுக்கு வந்து காலக் கழுவுறப்பதான் ஒத்தச் செருப்புன்னு தெரியும். காலு மரத்துப்போயிரும் தம்பி. இருக்கா இல்லையான்னு குனிஞ்சு பாத்தாத்தான் உண்டு." சொல்லிவிட்டு ஜீப்புக்குள், மிதிகள் இருந்த பக்கம் பார்த்தார்.

"அப்ப அந்தக் கிளட்ச்சு? பதினாறு மைலு? அவரு எங்கயும் போவலயா?" அர்ச்சுனன் கேட்டான்.

"நான் வண்டியத்தான் பாத்தேன் தம்பி," என்றார் பாய். "ஆள யாரு பாத்தா?"

வேட்டி கட்டி, திருநீறு பூசி, பெட்டியில் வைத்தாகிவிட்டது. பெண்கள் வாய்க்கரிசி போட்டார்கள். செல்லாயி மட்டும் வரவில்லை. வாசலில் முக்காலி போட்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழுகை இல்லை. முடி அவிழவில்லை.

"செல்லாயி, வா ஆத்தா, நேரம் ஆவுது," என்றாள் கருப்பம்மாள்.

"இருங்க."

"என்னாத்துக்கு?"

"அவ வரட்டும்."

கருப்பம்மாளும் ரோட்டை எட்டிப் பார்த்தாள்.

"வந்து பாத்துட்டுப் போவட்டும். அவளுக்கும் தான அவரு? அதுக்கப்பறம் மூடுங்க," என்றாள் செல்லாயி. "ஆள் விட்டீங்களா? நீலக் கதவு வீடுன்னீங்களே, எந்தக் கம்பத்துல எந்தத் தெரு? யாருக்காச்சும் வழி தெரியுமில்ல?"

கண்ணால் பார்த்த மூன்று பேருக்கும் அவசரமாகப் பந்தல்காலில் ஏதோ வேலை வந்துவிட்டது. கருப்பம்மாள் வெற்றிலை துப்ப எழுந்து போனாள், போனவள் திரும்பவில்லை.

மணி மூன்று. கோப்பெங் பக்கம் வானம் இருண்டிருந்தது. மழை வந்தால் அந்தச் சேற்றில் ஜீப்பும் இறங்காது. தப்படிக்கிறவர்கள் இரண்டு தரம் தப்பைக் காய்ச்சிவிட்டுச் சும்மா நின்றார்கள். பெரியவர்கள் ஆளாளுக்கு அர்ச்சுனனைப் பார்த்தார்கள். ஒரு கார் திரும்புகிற சத்தம் கேட்டால் செல்லாயி முக்காலியிலிருந்து அரையடி எழுவாள். பால்காரன் போனான். பிறகு ஒரு டாக்சி, அதுவும் நிற்காமல் போனது.

அர்ச்சுனன் போய் அவள் பக்கத்தில் குந்தினான். மொட்டையடித்த தலையில் தண்ணீர் இன்னும் காயவில்லை.

"அண்ணி, யாரும் வர மாட்டாங்க."

"வருவா. சேதி கேட்டா வராம இருப்பாளா?"

"இல்ல அண்ணி. அப்படி ஒருத்தியே இல்ல. எண்ணெய் எங்க போவுதுன்னு தெரியாம நாந்தான்... சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

செல்லாயி திரும்பினாள். அவன் சொன்னது புரிந்ததா என்று அவள் முகத்தில் தெரியவில்லை.

"மூணு பேரு பாத்தேன்னாங்க."

"பாக்கல."

"கதவு நீலம்னாங்க."

"அண்ணி..."

"அப்ப எண்ணெய்?"

அவன் மடியிலிருந்து திருகாணியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். கால் மரத்துப்போனது, மிதிமேல் கிடந்த கால் அவருக்கே தெரியாமல் இருந்தது, சத்தியம் பண்ணியது என்று முன்பின்னாகச் சொன்னான். பாதியில் அவனுக்கே குழம்பியது. செல்லாயி ஆணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அது கேள்விக்குப் பதில்தானா என்று கேட்கிறவளைப் போல அவனைப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

வாய்க்கரிசித் தட்டை நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை. தலைமாட்டுக்கும் போகவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து, கட்டியிருந்த பெருவிரல்களின் துணியை அவிழ்த்தாள். யாரோ, "அவுக்கக் கூடாதும்மா," என்றார்கள். அர்ச்சுனன் கையைக் காட்டி அவரை நிறுத்தினான்.

இடது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். குழிக்குப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டு, நிமிர்ந்து, வலிக்கிறதா என்று பிச்சைமுத்துவின் முகத்தைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, இன்னும் சற்று பலமாக அழுத்தினாள்.