கரைப் பக்கம்

போன வருடம் கடல் உறையத் தொடங்கிய நாட்களில் என் கணவன் உமேரிக் என் அப்பாவைக் கொன்றான். ஒரு கொம்புத் திமிங்கிலம். அதன்மேல் முதலில் பாய்ந்த ஈட்டி யாருடையது என்று சண்டை. அப்பா தன் கயாக்கில், ஓர் ஆள் மட்டும் உட்காரும் தோல்படகில், முன்னால் போய்க்கொண்டிருந்தார். இவன் பின்னாலிருந்து முதுகில் எறிந்தான். அன்று மாலை அந்தத் திமிங்கிலத்தின் தோலை நான்தான் துண்டு போட்டேன். நானும் தின்றேன். அழுதுகொண்டே தின்றேனா என்றால், இல்லை. பசித்தது.

தெற்கே மூன்று நாள் தொலைவில் என் அண்ணன் துவியாக் இருந்தான். பனி விலகியதும் வருவான் என்று எல்லாருக்கும் தெரியும். உமேரிக் வாசலைப் பார்த்தபடியே தூங்கினான். பொய் சொன்னால் என்னை அடித்தான். உண்மையைத் தாமதமாகச் சொன்னாலும் அடித்தான்.

கோடை வந்தது. மீன் பிடிக்கும் இடத்துக்குக் கிளம்பினோம். பெண்கள் துடுப்புப் போடும் பெரிய படகில் கூடாரத் தோல்கள், நாய்கள், ஆளுக்கொரு துடுப்போடு நானும் உமேரிக்கின் மூத்த மனைவி சானிக்கும். உமேரிக் தன் கயாக்கில் எங்களோடு ஒட்டியே வந்தான். இடது பக்கம் கரை, வலது பக்கம் மிதக்கும் பனி.

"என்னடி, பனிப்பாறைய ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டு வர?" என்றாள் சானிக். "உங்கண்ணன் வருவான்னு பாக்கிறியா?"

"இல்லக்கா."

"வந்தா என்ன, இவரு என்ன நாய்க்குட்டியா? ஏங்க, உங்க மச்சான் வந்தா என்ன குடுப்பீங்க?"

"அவன் அப்பனுக்குக் குடுத்தத," என்றான் உமேரிக். சானிக் வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கு அவனைப் பிடிக்கும். அவளையும் அவன் அடிப்பான். ஆனால் அவளுக்கு அவனைப் பிடிக்கும்.

சிரிப்பு அடங்குவதற்குள் ஈட்டி வந்தது. அது உமேரிக்கின் காதைப் பிய்த்துக்கொண்டு போய், அவனுக்குப் பின்னாலிருந்த, காற்றடைத்த மிதவைப் பையில் குத்தியது. பை சீறிச் சுருங்கியது. பனிப்பாறையின் மறைவிலிருந்து துவியாக்கின் கயாக் வெளியே வந்தது.

"மச்சான்! முன்னாலேர்ந்துதான் எறிஞ்சேன்!" என்று கத்தினான் அண்ணன். "முதுகுல குத்துறது உங்க வீட்டுப் பழக்கம்!"

உமேரிக் கன்னத்தில் ரத்தம் வழிய, துடுப்பை நாலு இழுப்பு இழுத்து நேராக அவன் மேல் மோதினான். இரண்டு கயாக்குகளும் உரசின. குத்தீட்டி அண்ணனின் தோளில் இறங்கி வெளியே வந்தது. அண்ணனின் துடுப்பு கையைவிட்டுத் தெறித்தது. இரண்டாவது குத்துக்கு ஒதுங்கியவன் அப்படியே கவிழ்ந்தான். கயாக்கின் வெளுத்த அடிவயிறு மட்டும் மேலே தெரிந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் சிவந்தது.

கவிழ்ந்தவன் செத்தவன் அல்ல. மேல்சட்டையை உட்காரும் வளையத்தோடு இறுக்கிக் கட்டியிருப்பான். தலைகீழாகத் தொங்கியபடி மூச்சைப் பிடித்திருந்து, புரண்டு எழுவான். ஒவ்வொரு ஆணுக்கும் எழுவதற்கு ஒரு பக்கம் உண்டு. சொந்த வீட்டுக் குடாவில்தான் அதைப் பழகுவார்கள். மற்ற ஊர் ஆண்கள் பார்க்க விடமாட்டார்கள். துடுப்பு கையில் இருந்தால் அது முதலில் தண்ணீருக்கு மேல் தெரிந்து காட்டிக்கொடுக்கும். அண்ணனிடம் துடுப்பு இல்லை. ஈட்டி எறிய உதவும் எறிபலகையைக் கையில் வைத்துக்கொண்டு எழுவான். ஓர் அடையாளமும் தெரியாது.

அடித்தோலைக் கிழித்து உள்ளே குத்தியிருக்கலாம். உமேரிக் அதைச் செய்யவில்லை. மரம் கிடைக்காத கரை எங்களுடையது. அண்ணனின் கயாக் புதியது. அதன்மேல் அவன் கண் விழுந்துவிட்டது. துடுப்பை முன்னால் வார்க்கயிற்றில் செருகிவிட்டு, ஈட்டியை ஓங்கியபடி என்னைப் பார்த்துக் கத்தினான்.

"எந்தப் பக்கம் எழுவான்? சொல்லுடி!"

அண்ணன் பழகிய நாட்களில் கரையில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அவன் எப்போதும் வலப்பக்கம்தான் எழுவான். எங்களுக்கு எதிராக வந்தவனுக்கு அதுதான் கரைப் பக்கம்.

"கரைப் பக்கம்," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. அவன் கேட்டான், என் வாய் சொன்னது. அவ்வளவுதான். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது.

"நம்பாதீங்க!" என்று சானிக் அலறினாள். "கூடப்பிறந்தவ சொல்வாளா? பொய்! பனிப் பக்கம்! பனிப் பக்கம்தான்!"

உமேரிக் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு கயாக்கைப் பனிப் பக்கமே நிறுத்திக்கொண்டு, சிவந்த தண்ணீரில் ஒரு குமிழி வந்த இடத்தில் முழுப் பலத்தோடும் குத்தினான். அந்த வேகத்தில் அவன் உடம்பு முன்னால் சாய்ந்தது.

அதே நேரம் கரைப் பக்கம் அண்ணன் எழுந்தான். வாயிலிருந்து கடலைத் துப்பினான். எதிரே சாய்ந்திருந்த உமேரிக்கின் மேல்சட்டைத் தொப்பியை இரண்டு கைகளாலும் பற்றி இழுத்தான். இப்போது உமேரிக்கின் கயாக் கவிழ்ந்தது. அவனுடைய துடுப்பு நழுவி மிதந்து போனது.

அண்ணன் தன் குத்தீட்டியை உருவினான். அவனும் கயாக்கைக் கிழிக்கவில்லை.

"அவன் மூஞ்சியப் பாத்துக் குத்தணும். பீவா! எந்தப் பக்கம் எழுவான்?"

சானிக் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு என் வாயைப் பொத்த எழுந்தாள். "சொல்லாத! உன்னக் கும்புட்டுக்கிறேன், சொல்லாத!"

"பனிப் பக்கம்," என்றேன்.

இதையும் யோசித்துச் சொல்லவில்லை. அதே குரல், அதே வேகம்.

அண்ணன் கையால் தண்ணீரைத் தள்ளிப் பனிப் பக்கம் போய் நின்றான். உமேரிக்கின் நெற்றி தெரிந்தது, பிறகு கண்கள். ஈட்டி வாய்க்குள் போனது. அவன் திரும்ப மூழ்கினான், திரும்ப எழுந்தான். பழக்கப்பட்ட உடம்பு தானாக எழுந்துகொண்டே இருந்தது. ஐந்து முறை குத்த வேண்டியிருந்தது. ஐந்தாவதுக்குப் பிறகு பாதி எழுந்து அப்படியே நின்றது.

ஆவி பின்தொடரக் கூடாது என்று அண்ணன் உடலை ஒரு பனித்தட்டின் மேல் இழுத்துப் போட்டு மூட்டு மூட்டாக வெட்டினான். நாய்கள் ஊளையிட்டன. சானிக் தன் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு கத்தினாள்.

"அவ நிஜத்தச் சொன்னாடா! கரைப் பக்கம்னு சொன்னா! நான்தான் நம்பாதீங்கன்னேன்! நான்தான் அவரக் கொன்னேன்!"

அண்ணன் கத்தியைத் துடைத்தபடி நிமிர்ந்தான். தோளைத் தோல்பட்டையால் கட்டியிருந்தான். புரிந்ததும் அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா பொண்ணுடி நீ! நிஜத்தச் சொன்னா நம்பமாட்டான்னு தெரிஞ்சே சொல்லியிருக்க!"

"இல்லண்ணே. அவன் கேட்டான், சொல்லிட்டேன். பயம். நம்பியிருந்தா நீ செத்திருப்ப."

"போடி. என்கிட்டயேவா?"

"சத்தியமாண்ணே. அதே மாதிரிதான் உனக்கும் சொன்னேன்."

அவன் இன்னும் பெரிதாகச் சிரித்தான். ஊரில் எல்லாரிடமும் இதைச் சொல்லப்போவதாகச் சொன்னான். தன் துடுப்பைத் தேடி எடுத்துக்கொண்டான். உமேரிக் செத்ததால் சானிக்குச் சொந்தமாகிவிட்ட அவன் கயாக்கை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எங்கள் படகின் பின்னால் கட்டினான்.

சானிக் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கரையில் என்னை நம்பியவள் இப்போது அவள் ஒருத்திதான்.

"தெக்கே போறோம். துடுப்பப் போடுங்க," என்றான் அண்ணன்.

அவன் சொல்லி முடிக்கும் முன்பே என் கை துடுப்பில் இருந்தது. அதைப் பார்த்தேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. துடுப்பை உள்ளே இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"பீவா, காதுல விழல? துடுப்பப் போடு."

சானிக் மட்டும் துடுப்புத் தள்ளினாள். ஒற்றைத் துடுப்பில் படகு அதே இடத்தில் மெல்லச் சுற்றத் தொடங்கியது. அவன் கயாக்கைத் திருப்பிக்கொண்டு எங்களை நோக்கி வந்தான். சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சமிருந்தது. நான் துடுப்பைப் போடவில்லை.