கோவில் ஜன்னலில் எக்ஸ்ரே படம்

என் புருஷன் இனிகோவின் தொடையெலும்பை மாதா கோவில் ஜன்னலில் தொங்கவிட்டவள் நான்தான். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தக் கால் இன்னும் கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் தோணியில் ஏறி இறங்குகிறது. எனக்கு அது போதும்.

உலக யுத்தம் முடிந்த வருஷம், தோணியில் கயிறு அறுந்து, பாய் கட்டும் மரம் அவர் தொடைமேல் விழுந்தது. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் டாக்டர் வேதமாணிக்கம் தொடையைத் திறந்து, முறிந்த எலும்பின்மேல் எஃகுத் தகடு வைத்துத் திருகாணி போட்டு முடுக்கினார். பக்கத்து நாசரேத் ஊர்க்காரர், பிராட்டஸ்டண்ட் சபை. மாதா சுரூபத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கை மட்டும் தங்கக் கை. தகடு வைத்த காலோடு கடல்வேலை, மூட்டைவேலை செய்ய முடியுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. தான் தகடு வைத்த ஒவ்வொருவரையும் வருஷா வருஷம் வரவழைத்து, புதுப் படம் எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

வீட்டுக்கு அனுப்பும்போது முதல் படத்தைக் காக்கி உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். "பத்திரமா வச்சிருங்கம்மா. அடுத்த தடவை வேணும்" என்றார்.

தருவைகுளத்தில் எங்கள் வீட்டில் பத்திரமான இடத்துக்கு நான் எங்கே போவேன்? ஓலைக்கூரை, உப்புக்காற்று, எலி. அதோடு, கால் பிழைத்தால் வெள்ளியில் கால் செய்து வைப்பதாக மாதாவிடம் நேர்ந்திருந்தேன். எங்கள் கடற்கரையில் அதுதான் முறை. கண் பிழைத்தால் வெள்ளிக் கண், கை பிழைத்தால் வெள்ளிக் கை. அன்றைக்கு வெள்ளி விற்ற விலையில் கட்டைவிரல்கூடச் செய்ய முடியாது. நிஜக் காலின் படமே கையில் இருக்கும்போது வெள்ளி எதற்கு என்று, அதில் நூல் கோர்த்து மாதா பீடத்தை ஒட்டிய ஜன்னலில் கட்டிவிட்டேன். வெயில் பட்டால் தகடும் திருகாணியும் பளிச்சென்று தெரியும். பூசைக்கு வந்தவர்கள் அதையும் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள்.

மறுவருஷம் வந்தது வினை. கடலுக்குப் போய்வந்த மனுஷன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் புதுப் படம் எடுத்து, விளக்கில் பிடித்துப் பார்த்தார். முகம் சரியில்லை.

"கடைசித் திருகாணிக்குக் கீழ ஒரு கறுப்புக் கோடு தெரியுது. புது வெடிப்புன்னா, திரும்பத் திறந்து தகட்டை எடுக்கணும். அதுல சீழ் வச்சுட்டா காலே போயிரும். பழைய படத்துலயும் இந்தக் கோடு இருந்தா பயமில்ல. எலும்புக்குள்ள ரத்தக்குழாய் போற வழிதான் அது, பிறவியிலயே உள்ளது. பழைய படத்தைக் கொண்டாங்க."

"அது மாதாகிட்ட இருக்கு" என்றேன்.

விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வந்ததே கோபம். "எலும்புப் படத்தைக் கொண்டுபோய்ச் சுரூபத்துக்குச் சாத்துவியளோ?"

என் வாயும் சும்மா இருக்காது. "நீங்கதானே பத்திரமா வைக்கச் சொன்னிய. அதைவிடப் பத்திரமான இடம் உங்க நாசரேத்துல இருந்தாச் சொல்லுங்க."

"நாளைக்குப் படம் வரணும். வரலன்னா மறுநாள் கத்தி வைக்கதுதான் வழி" என்று விருட்டென்று போய்விட்டார்.

இனிகோவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விட்டுவிட்டு, கோவிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் போய் நின்றேன். "குடுத்த காணிக்கையைத் திருப்பி எடுப்பியா? இந்த வாசலைத் தாண்டி அது போகாது, மரியசெல்வி. உம் புருசன் காலு உனக்கு வேண்டாமா?" என்றார்.

எனக்கும் அதே பயம்தான். நூல் வரைக்கும் போன கையை இழுத்துக்கொண்டேன். எடுத்தால் மாதா கோபிப்பாள், எடுக்காவிட்டால் கத்தி. ஜன்னலடியில் உட்கார்ந்து அழுதேன். "தாயே, நீ குடுத்த காலு. நீயே வழியையும் சொல்லு" என்று அவளோடு சண்டையும் போட்டேன். அழுது ஓய்ந்தபிறகுதான் புத்தி வந்தது. படம்தானே வெளியே போகக்கூடாது? டாக்டர் உள்ளே வரலாமே.

விடிந்ததும் ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். "படம் வராது டாக்டரய்யா. நீங்க வாங்க."

அவர் முறைத்தார். கட்டிலில் கிடந்த இனிகோ, "ஏளா, பெரிய மனுசரைப் போயி இப்படியா பேசுவ?" என்றார்.

"நீங்க சும்மா கிடங்க" என்றேன்.

"கிறுக்குப் பிடிச்ச சனம்" என்று டாக்டர் முணுமுணுத்தார். ஆனால் புதுப் படத்தை உறையில் போட்டுக்கொண்டு எழுந்தார். தானும் வருவேன் என்று இனிகோ அடம்பிடித்தார். வெட்டுப்படுவதானாலும் மாதாவைப் பார்த்துவிட்டுப் படுகிறேன் என்றார். கால் தரையில் படாமல் தூக்கி, டாக்டரின் காரிலேயே ஏற்றினோம்.

கோவில் வந்ததும் இனிகோவைத் தூக்கிப்போய் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தோம். டாக்டர் வாசலில் பூட்ஸைக் கழற்றினார். பீடத்தைப் பார்க்காமலே நேராக ஜன்னலுக்குப் போய்ப் பெஞ்சில் ஏறினார். பழைய படத்தில் படிந்திருந்த மெழுகுவர்த்திப் புகையைக் கைக்குட்டையால் துடைத்து, அதன் பக்கத்தில் புதுப் படத்தைப் பிடித்தார். எனக்குத் தெரிந்தது அவர் முதுகு மட்டும்தான்.

"இருக்கு" என்றார்.

"என்னது இருக்கு?"

"கோடு. அதே இடம், அதே நீளம். வெடிப்பு இல்லம்மா. சதைதான் வலிச்சிருக்கு. கொஞ்ச நாள் ஓய்ஞ்சிருந்தாச் சரியாயிரும். கத்தி வேண்டாம்."

முதலில் மாதாவைக் கும்பிடுவதா, டாக்டரையா என்று தெரியாமல் தவித்தேன். கை தானாக அவர் பக்கம் திரும்பியது. "உங்களைப் பெத்த வயிறு குளிரட்டும்யா" என்றேன்.

"என்னைக் கும்பிடாதீய. ஆஸ்பத்திரியில நான் வச்சிருந்த மத்தவங்க படமெல்லாம் மழைத்தண்ணி இறங்கி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு. இது ஒண்ணுதான் பிழைச்சிருக்கு. இது இல்லன்னா நாளைக்கு வீணா வெட்டியிருப்பேன். நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்."

சொல்லிவிட்டு இறங்கி, கையிலிருந்த புதுப் படத்தை நீட்டினார். "இதையும் இங்கனயே கட்டுங்க. வருசா வருசம் நானே வந்து பாத்துக்கிடுதேன்."

உபதேசியார் ஓடிப்போய் நூல் கொண்டுவந்தார். நான் வாங்கப்போனேன். டாக்டர் தடுத்தார்.

"நீங்க இல்லம்மா. இனிகோ, நீரு ஏறிக் கட்டும். அந்தக் காலு தாங்கும்."

இனிகோ என்னைப் பார்த்தார். பிறகு காலை மெல்லத் தரையில் ஊன்றினார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏறி, நிமிர்ந்து நின்று, நூலை முடிச்சுப் போட்டார். விழுந்தால் பிடிக்க, மாதாவின் காலடியில் டாக்டர் இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றிருந்தார். பிடிக்க வேண்டி வரவில்லை.