பொத்தான் வைத்த புத்தகம்

முத்திரை ஆய்வாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் அவர் கடைத்தெருவில் நடந்து வந்தால் பழைய வியாபாரிகள் தங்களை அறியாமலே தராசுத் தட்டைத் துடைத்து வைப்பார்கள். தராசையும் எடைக்கற்களையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும் தவறாக இருந்தால் பூட்டி வைப்பதும் அவர் பார்த்த வேலை. சோதிக்கப் போன கடையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அவரை யாரும் கண்டதுமில்லை. மனைவியின் தம்பி அவருக்கு வைத்த பெயர் 'செங்குத்து'. அது காதுக்கு எட்டியபோது அவருக்குக் கோபம் வரவில்லை. உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்டவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது.

முதலில் கட்டைவிரல் மட்டும் தன்பாட்டுக்கு ஆடியது. பிறகு மணிக்கட்டு வரை ஏறியது. மருத்துவர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை எழுதினார், உயிருக்கு ஒன்றும் பயமில்லை என்றார். உயிரைப் பற்றி யார் கேட்டார்கள்? முள் நடுங்குகிறது என்று எத்தனையோ தராசுகளை ஓரம் கட்டியவர் அவர். இப்போது தன் கையைத் தானே ஓரம் கட்டினார். வெளியே போனால் கால்சட்டைப் பைக்குள், வீட்டில் இருந்தால் மடித்த செய்தித்தாளுக்கு அடியில். விஷயம் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். மகனிடம்கூடச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இரவுச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்ததும், வீட்டுக்குப் பெரியவர் ஒரு புத்தகத்தை எடுத்துச் சில பக்கங்கள் உரக்க வாசிப்பார். அவருடைய அப்பா வாசித்தார். அப்பாவுக்குப் பிறகு இவர். அன்றைக்கு யாருக்குள் மனஸ்தாபம் இருந்தாலும் அந்த நேரத்துக்கு மேசையைச் சுற்றி உட்கார்ந்தாக வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரலாம்; ஆனால் உட்கார வேண்டும். அந்த வாசிப்பு, மருமகள் அந்த வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே நின்றுபோனது.

நின்ற விதம் இதுதான். ஒருநாள் பக்கம் ஆடியதில் அவர் கண் வரி தப்பி மேலே போய்விட்டது. கதையில் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறார். அந்த வரியையே அவர் மறுபடியும் வாசித்துவிட்டார். வந்தவர் இன்னொரு முறை கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். மருமகள் களுக்கென்று சிரித்தாள். அவர் புத்தகத்தை மூடினார். மறுநாள், பழைய புத்தகத் தூசி மூக்குக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அதற்குப் பிறகு வாசிக்கவில்லை. அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதையும் குறைத்துக்கொண்டார். தன் கையை அவள் பார்த்துவிட்டாள், பார்த்துச் சிரித்துவிட்டாள் என்பது அவர் நினைப்பு. அவளோ கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்துகிறவள். கடுகளவு திருகாணியைக் கண் சிமிட்டும் நேரத்தில் முடுக்கிவிடுவாள். அந்தக் கைக்கு முன்னால் தன் கையை நீட்டுவதா?

இந்த நிலையில்தான் ஒரு காலையில் மனைவி காய் நறுக்கிக்கொண்டே, மகனும் மருமகளும் தனியாகப் போக வீடு பார்த்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரருக்கு முடிவு சொல்ல வேண்டுமாம் என்றாள். மருமகள் வேலைக்குப் போகப் பக்கமாக இருக்கும் என்று காரணம் சொல்கிறார்களாம்.

"இங்கேருந்தும் ரயில்ல உட்கார்ந்துதானே போறா?" என்றார் அவர்.

"ரயில் என்னங்க ரயில். நீங்க அந்தப் பொண்ணுகிட்ட நேருக்கு நேரா பேசி எத்தனை நாளாச்சு? தான் வந்துதான் இந்த வீட்டுல வாசிப்பு நின்னுபோச்சுன்னு அவ நினைக்கிறா. கையைப் பத்திச் சொல்லிடுங்கன்னா அதுக்கும் மாட்டேங்கறீங்க."

அவர் செய்தித்தாளைக் கைமேல் இன்னும் இழுத்து விட்டுக்கொண்டார். அவர் அப்பா காலத்திலிருந்து ஒரே சமையலறையில் புகைந்து வந்த அடுப்பு, தன் காலத்தில் இரண்டாகப் போகிறது. ஊர் கேட்டால் என்ன சொல்வது? தூசி மூக்குக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றா?

வாசிப்பைத் திரும்பத் தொடங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். கையைக் காட்டாமல் வாசிக்க ஒரு வழி வேண்டும். மருமகள் ரயிலில் இ-ரீடர் என்ற சின்ன மின்புத்தகக் கருவி ஒன்றை வைத்துப் படிப்பது அவருக்குத் தெரியும். மனைவி வழியாக அதைக் கேட்டு வாங்கி, அறைக்குள் போய்ப் பார்த்தார். தாள் போலவே சாம்பல் நிறத் திரை, எழுத்து வேண்டிய அளவு பெரிதாகிறது, தூசியும் இல்லை. ஆனால் விரல் பட்டால் பக்கம் திரும்புகிற கருவி அது. அவர் கட்டைவிரல் ஒரு முறை பட நினைத்தால் நாலு முறை பட்டது. கதாநாயகனுக்குக் கல்யாணம் நடந்தது. அடுத்த நொடி அவனுக்கு வழுக்கைத் தலை. கருவி மிகவும் லேசாக இருந்ததால் கையோடு சேர்ந்து அதுவும் ஆடியது. மறுநாளும் முயன்றார், அதற்கடுத்த நாளும். பிறகு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தனுப்பினார். "இதைவிட நல்லதா ஒண்ணு பாக்கணும்" என்று மட்டும் மனைவியிடம் சொன்னார்.

மனைவி சும்மா இருக்கிறவளா? சனிக்கிழமை அவர் வேறு கருவி வாங்கக் கடைக்குக் கிளம்பியபோது மருமகளையே துணைக்கு அனுப்பிவிட்டாள்.

வழியெல்லாம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் ஒரு அடி பின்னால் நடந்தாள். தெருவைக் கடக்கும்போது மட்டும் பக்கத்தில் வந்தாள்.

கடை நீளமாக, குளுகுளுவென்று இருந்தது. கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்த கடைக்காரர் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். "ஐயா, என்னைத் தெரியுதா? எங்கப்பா மளிகைக் கடை வெச்சிருந்தாரு. நீங்க தராசு பாக்க வருவீங்க" என்றார். ஆய்வாளருக்கு முகம் நினைவில்லை. தராசு என்ற சொல் கேட்டதும் வலது கை பைக்குள் இன்னும் ஆழமாகப் போனது.

கடைக்காரர் மேசைமேல் நான்கு கருவிகளை வரிசையாக வைத்தார். ஆய்வாளர் சோதனைக்கு வந்த பழைய தோரணையில் கேட்கத் தொடங்கினார். தமிழ் எழுத்து உடையாமல் தெரியுமா? எழுத்தைப் பெரிதாக்கினால் வரி பாதியில் வெட்டுப்படுமா? அச்சுப் புத்தகத்தைப் படமெடுத்து வைத்த பழைய கோப்புகள் திறக்குமா? ஒரு முறை சார்ஜ் போட்டால் எவ்வளவு நாள் தாங்கும்? பெட்டியில் போட்டிருக்கும் எடை உறையோடு சேர்த்தா, சேர்க்காமலா? கடைசிக் கேள்விக்குக் கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உறை இல்லாமல்தான் என்று ஒப்புக்கொண்டார்.

வண்ணத் திரை கொண்ட ஒன்றை அவர் முதலிலேயே தள்ளி வைத்தார். அதன் வெளிச்சம் கண்ணில் குத்தியது. நடுவில் யாரோ வணக்கம் சொல்லிச் செய்தி வேறு அனுப்பினார்கள். இரண்டாவது, அகலமான திரையும் எழுதுகோலும் கொண்டது. "எழுதற வேலை எனக்கு முடிஞ்சுபோச்சு" என்றார். மூன்றாவது தானே வாய்விட்டு வாசிக்குமாம். கடைக்காரர் பெருமையோடு அதை முடுக்கிவிட, ஒரு குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் யாருடைய சாவையோ வானிலை அறிக்கை போலச் சொன்னது.

"அது வாசிச்சா அப்புறம் நான் எதுக்கு?" என்றார் ஆய்வாளர்.

கடைசியாக, எல்லாரும் விரும்பி வாங்குவது என்று சொல்லி, இருப்பதிலேயே மெல்லியதையும் லேசானதையும் கடைக்காரர் அவர் பக்கம் நீட்டினார். அவர் இடது கையால் வாங்கினார். பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள் என்றார் கடைக்காரர். இடது கை பிடித்திருக்க, திருப்புவதற்கு வலது கை வெளியே வந்துதான் ஆக வேண்டும். வந்தது. திரை படபடவென்று ஓடியது. முன்னுரை போய், முதல் அத்தியாயம் போய், எங்கேயோ நடுவில் போய் நின்றது.

"திரையில ஏதோ கோளாறு போல" என்று கடைக்காரர் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். அதுவும் ஓடியது. கடைக்காரர் தலை நிமிர்ந்து, திரையை விட்டு அவருடைய கையைப் பார்க்கப் போனார்.

அதற்குள் மருமகள் குறுக்கே வந்து கருவியை வாங்கிக்கொண்டாள். "சார், இது மாமாவுக்கு இல்ல, எனக்கு. எனக்குக் கை நடுங்கும். விரல் பட்டதும் ஓடற மாதிரி வேண்டாம். பொத்தான் வெச்சது இருந்தா காட்டுங்க."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க அந்தக் கண்ணாடிக் கடையில லென்ஸ் பொருத்தறவங்கதானே? கை நடுங்கினா அங்க எப்படிம்மா வேலை பாக்கறீங்க?"

"சமாளிக்கிறேன் சார்" என்றாள் அவள், குனிந்தபடி.

ஆய்வாளருக்கு முதுகில் சாட்டை விழுந்தது போல இருந்தது. கையை நம்பிப் பிழைக்கிற பெண். நாளைக்கு இந்தப் பேச்சு அவள் முதலாளி காதுக்குப் போகாதா? கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் தேநீரோடு என்னவெல்லாம் பரிமாறுவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? தன் வீட்டுப் பெண் தலைமேல் இல்லாத குறையை ஏற்றிவிட்டு, அதன் நிழலில் ஒளிந்து நிற்பதா கௌரவம்? இத்தனை நாள் கட்டிக் காத்தது இதைத்தானா?

அவர் வலது கையைக் கண்ணாடி மேசைமேல் எல்லாரும் பார்க்க வைத்தார். அது அங்கே கிடந்து ஆடியது. மோதிரம் கண்ணாடியில் பட்டுச் சின்னதாகச் சத்தம் கேட்டது.

"அவ கை கல்லு மாதிரி நிக்கும். நடுங்கறது என் கை. வாங்கறதும் எனக்குத்தான்" என்றார். குரல் மட்டும் நடுங்கவில்லை. "எங்க வீட்டுப் பொண்ணு எனக்காகப் பொய் சொல்ல வேண்டியதில்ல. பொத்தான் வெச்சது இருந்தா எடுங்க."

கடைக்காரர் மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார்.

"ஐயா, ஒரு தடவை எங்கப்பா தராசுல முள்ளு நிக்கவே இல்ல. பூட்டிடுவீங்கன்னு அவரு வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டாரு. நீங்க குனிஞ்சு மேசைக்கு அடியில பாத்தீங்க. தராசுல தப்பில்ல, மேசைக்கால் ஆடுது, கெட்டியான இடத்துல வைங்கன்னு சொல்லிட்டுப் போனீங்க. வெச்சதும் முள்ளு நின்னுது. எங்கப்பா கடைசி வரைக்கும் அதைச் சொல்லிட்டே இருந்தாரு."

சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் கொஞ்சம் பழைய மாதிரிக் கருவி ஒன்று இருந்தது. கனமாக இருப்பதால் யாரும் கேட்பதில்லையாம். ஓரத்தில் இரண்டு தடித்த பொத்தான்கள். அதோடு மேசையில் நிறுத்தி வைக்க ஒரு இரும்புத் தாங்கி. விரல் பட்டாலும் ஓடாதபடி தொடுதிரையை அமர்த்தி வைக்கவும் அதில் வசதி இருந்தது. மருமகள் அதைத் தேடிப் பிடித்து அமர்த்தினாள், எழுத்தைப் பெரிதாக்கினாள், வரிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினாள். "இனிமே வரி தப்பாது மாமா" என்று மெதுவாகச் சொன்னாள்.

ஆய்வாளர் கருவியைத் தாங்கியில் நிறுத்தி, உள்ளங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தார். விரல் அதன்மேல் ஆடியது, பொத்தான் அசையவில்லை. அழுத்தினார். ஒரு பக்கம் திரும்பியது. ஒரே ஒரு பக்கம்.

"இதுக்கு முத்திரை குத்தலாம்" என்றார். கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

திரும்பும்போது மருமகள் பின்னால் நடக்கவில்லை, பக்கத்தில் நடந்தாள். உனக்கு எப்போது தெரியும் என்று அவர் கேட்டார். இரவல் வாங்கிய கருவியை அவர் திருப்பித் தந்தபோது, அவள் படித்துக்கொண்டிருந்த புத்தகம் எங்கேயோ ஒரு பக்கத்தில் நின்றதாம். முதலில் பிடிக்காமல் புரட்டியிருக்கிறார் என்று நினைத்தாளாம். இன்றைக்குக் கடையில் திரை ஓடியபோதுதான் புரிந்ததாம்.

"அப்போ அன்னிக்கு ஏன் சிரிச்சே?"

அவள் நின்றுவிட்டாள். "அந்த ஆளு ரெண்டு தடவை கதவைத் திறந்துட்டு வந்தாரே மாமா. கதையே அப்படின்னு நினைச்சேன். ஏதோ மறதிக்காரரு போலன்னு சிரிச்சேன். நான் சிரிச்சது உங்களுக்குப் பிடிக்கலைன்னுதான் நீங்க நிறுத்திட்டீங்கன்னு..."

ஆய்வாளரும் நின்றார். "அந்த ஆளை மறதிக்காரரா ஆக்கியிருந்தா கதை இன்னும் நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்ததும் அவர் தன் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கருவி தாங்கியில் நின்றது. வலது கையைச் செய்தித்தாளால் மூடவில்லை. மகன் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், அவள் கண்ணாலேயே பிறகு சொல்கிறேன் என்றாள். எந்தப் புத்தகம் என்று மருமகள் கேட்டாள். கனம் தாங்காமல் அவர் கையில் எடுக்கவே அஞ்சிய தடித்த நாவல் ஒன்றின் பெயரைச் சொன்னார். அவள் தேடி இறக்கிக் கொடுத்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் கட்டைவிரல் பொத்தானின்மேல் சற்று நேரம் ஆடிவிட்டுப் பிறகு அழுத்தியது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

நடுவில் மகனின் கைபேசி அடித்தது. அந்த வீட்டுக்காரர். நாளைக்குச் சொல்வதாக இருந்த முடிவை இன்றைக்கே கேட்கிறார் என்று மகன் கைபேசியைப் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

ஆய்வாளர் வாசிப்பதை நிறுத்தினார். ஆனால் யார் முகத்தையும் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடமும் கெஞ்சிக் கேட்கிற பழக்கம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை.

மருமகள் எட்டித் திரையின் அடியில் இருந்த எண்ணைப் பார்த்தாள். "மாமா இந்தக் கதையை முடிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்லுங்க" என்றாள் கணவனிடம். "இப்பதான் ஒரு சதவீதம் ஆகியிருக்கு."

ஆய்வாளர் பொத்தானை அழுத்தினார்.