கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்த கார்டு

கண்மை காயும்வரை கண்ணைத் திறக்க வேண்டாம் என்று மணப்பெண்ணிடம் சொல்லிவிட்டு ஸ்ருதி நிமிர்ந்தபோது, எதிரில் உட்கார்ந்திருந்த மாரித்தாய் கேட்டாள்.

"ஏம்மா, உன் கார்டு ஒண்ணு குடேன். என் நாத்தனா மவளுக்குத் தையில கல்யாணம். உன்னையவே கூப்பிட்டுருதோம்."

மாரித்தாய் மணப்பெண்ணின் பெரியம்மா. காலையிலிருந்து அந்த மாடி அறையை விட்டு நகராமல், ஸ்ருதி எடுக்கும் ஒவ்வொரு பிரஷ்ஷையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கார்டெல்லாம் இல்லக்கா. ராஜபாளையம் ரோட்டுல ஷாஹின் பானு பார்லர்னு கேட்டா ஆரும் சொல்லுவாவ. அங்கன வந்து சொன்னாப் போதும்."

"இம்புட்டு நல்லா வேலை பாக்குத. ஒரு கார்டு வச்சுக்கிட்டா என்ன?"

ஸ்ருதி சிரித்து மழுப்பினாள். பூ வந்துவிட்டது என்று கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஜடைப்பூவை வாங்கி வர அவள் இறங்கிப் போனாள்.

அவளுடைய மேக்கப் கண்ணாடியின் பின்பக்கத்தை எப்போதும் ஒரு துணி உறை மூடியிருக்கும். அன்று அதில் ரோஸ் வாட்டர் கொட்டிவிட்டதால் அவசரமாகக் கழற்றி ஜன்னல் கம்பியில் காயப் போட்டிருந்தாள். கண்ணாடியின் பின்பக்கம் மாரித்தாய் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பியிருந்தது. அதன் மூலையில் கட்டம் கட்டமாக ஒரு கறுப்பு ஸ்டிக்கர். மளிகைக் கடையிலும் பால் கடையிலும் பார்க்கிற அதே மாதிரி. மாரித்தாய் போனை எடுத்து அதற்கு நேரே பிடித்தாள்.

ஒரு பக்கம் திறந்தது. மேலே ஸ்ருதியின் படம், இப்போது இருப்பதைவிடச் சதைப்பிடிப்பான முகம், பெரிய சிரிப்பு. அதற்குக் கீழே அவள் அலங்கரித்த மணப்பெண்களின் படங்கள். கடைசியில், உங்கள் பெயரையும் எண்ணையும் பகிருங்கள் என்று ஒரு கட்டம்.

"கார்டு இல்லன்னாளே, இந்தா இருக்கு பாரு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மாரித்தாய் இரண்டையும் அடித்து அனுப்பினாள். ஸ்ருதி திரும்பி வந்ததும் சொல்லத்தான் நினைத்தாள். அதற்குள் கூறைப்புடவையோடு மாப்பிள்ளை வீட்டார் ஏறி வந்துவிட்டார்கள்.

அந்தப் பக்கத்தை உருவாக்கியது ஸ்ருதியின் கணவன் இசக்கிராஜா. தூத்துக்குடியில் பிளக்ஸ், விசிட்டிங் கார்டு அடிக்கும் கடை வைத்திருந்தான். காகிதக் கார்டு கேட்டு வருகிறவர்கள் குறைந்துபோனபோது, போனைக் காட்டினால் திறக்கிற டிஜிட்டல் கார்டுக்கு மாறினான். கல்யாணமான புதிதில் முதல் கார்டை ஸ்ருதிக்குத்தான் செய்து கொடுத்தான். "காயிதத்த வாங்கிக் குப்பையில போட்டுருவான். இது அப்படி இல்ல. நம்பர் மாறுனாலும் நான் இங்கன மாத்திட்டாப் போதும், எல்லார்ட்டயும் மாறிரும்" என்று பெருமையாகச் சொன்னான். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவளுடைய பெட்டி, விளக்கு, போன் உறை என்று எல்லாவற்றிலும் அவனே ஸ்டிக்கர் ஒட்டினான்.

கணக்கு அவன் பெயரில் இருந்தது. யார் ஸ்கேன் செய்தாலும் அவன் போனில் மணி அடிக்கும். எந்த ஊரிலிருந்து என்று காட்டும். பெயரும் எண்ணும் கொடுத்தால் அதுவும் வரும். முதலில் "இன்னைக்கு நாலு பேரு பாத்திருக்காவ" என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு ஆண் பெயர் வந்தால் சிரிப்பு நின்றது. போட்டோகிராபர், மண்டபத்து மேனேஜர், மாப்பிள்ளையின் தம்பி. "இவன் எதுக்குட்டி உன் நம்பரைத் தேடுதான்?" என்று ஆரம்பிப்பான். ஒருநாள் கதவிடுக்கில் அவள் கையை வைத்து அழுத்திக்கொண்டே பெயர்களைப் படித்தான். விரல் இரண்டு முறிந்தது. கட்டுப் பிரித்த வாரம், அவன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், மேக்கப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்ருதி கிளம்பினாள்.

கல்லூரியில் கூடப் படித்த ஷாஹின் பானு சங்கரன்கோவிலில் வாழ்க்கைப்பட்டிருப்பது இசக்கிராஜாவுக்குத் தெரியாது. ஷாஹினின் கணவன் சவுதியில் தம்மாமில் வேலை பார்த்தான். கீழே அவளும் மாமியாரும் இருந்த வீடும் பார்லரும், மாடியில் ஓர் அறை. அதை ஷாஹின் திறந்து கொடுத்தாள். ஸ்ருதி சிம் கார்டை உடைத்துப் போட்டாள். கண்ணில் பட்ட ஸ்டிக்கரையெல்லாம் நகத்தால் சுரண்டி எடுத்தாள். உறைக்குள் இருந்த கண்ணாடியின் பின்பக்கத்தை அவள் பார்க்கவே இல்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் மாரித்தாய் பார்லருக்கு வந்தாள். கையில் பலகாரப் பை.

"நீ பொய் சொல்லிட்டியேம்மா. கண்ணாடிக்குப் பின்னால கார்டு ஒட்டி வச்சுக்கிட்டு, இல்லன்னுட்டியே! நேத்தே உங்க ஆபீஸ்லருந்து போன் வந்திச்சு. அந்தத் தம்பி எம்புட்டு மரியாதையாப் பேசுனாரு தெரியுமா?"

ஸ்ருதியின் கையிலிருந்த சீப்பு அப்படியே நின்றது.

"என்ன கேட்டாருக்கா?"

"எங்க பாத்திய, வேலை திருப்தியா இருந்துச்சான்னு கேட்டாரு. சங்கரன்கோவில்ல ஷாஹின் பானு பார்லர்ல இருக்கு, மாடியில தங்கியிருக்கு, தங்கமான புள்ளன்னு சொன்னேன். ரொம்ப நன்றிக்கான்னாரு." மாரித்தாய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தாள். "ஏம்மா? தப்பா எதுவும் சொல்லிட்டனா?"

ஸ்ருதி மாடிக்கு ஓடினாள். கண்ணாடியின் உறையை உருவினாள். ஸ்டிக்கர் மூலைகூடப் பிரியாமல் புதிதுபோல் இருந்தது.

ஷாஹின் பின்னாலேயே ஏறி வந்தாள். ஒரு பையில் துணிகளைத் திணித்தாள்.

"ராஜபாளையம் பஸ்ஸப் பிடி. அங்க எங்க சாச்சி வீடு இருக்கு. இப்பவே போ."

"நீயும் வா ஷாஹின். அவன் கண்டிப்பா வருவான்."

"மாமிய விட்டுட்டு எங்கட்டி வர? அவங்களால நடக்க முடியுமா? இது எங்க தெரு. கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரும். என்னைய அவன் என்ன செஞ்சிருவான்? நான் மாமிட்ட சொல்லிட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போறேன். நீ கெளம்பு."

பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனது மாரித்தாய்தான். விஷயம் தெரிந்து வழி நெடுக அழுதுகொண்டே வந்தாள்.

ஷாஹின் ஸ்டேஷனுக்குப் புறப்பட முடியவில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது இசக்கிராஜா பைக்கிலிருந்து இறங்கினான். சட்டையை இன் செய்து, வேலைக்கு வந்தவன்போல் இருந்தான்.

"ஸ்ருதியக் கூப்பிடுங்க."

"அப்படி ஆரும் இங்க இல்ல."

அவன் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். மாடிக்குப் போய்ப் பார்த்தான். கட்டிலில் உறையில்லாமல் கிடந்த கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

"எங்க அனுப்புன?"

"தெரியாது."

"நல்லபடியாக் கேக்குதேன். எங்க போனா?"

"தெரிஞ்சாலும் உங்கிட்டச் சொல்ல மாட்டேன்லே."

முடி எடுக்கும் மெழுகை உருக்குகிற வேக்ஸ் ஹீட்டரின் சுவிட்சை ஷாஹின் அணைக்க மறந்திருந்தாள். உள்ளே மெழுகு உருகிக் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் அதை அப்படியே தூக்கி அவள்மேல் வீசினான். முகத்தை மறைக்கக் கையை உயர்த்தியதால் கண் தப்பியது. கழுத்தும் வலது கையும் தோளும் வெந்துபோயின. மெழுகு தண்ணீர்போல் வழிந்து போகாது. ஒட்டிக்கொண்டே எரியும். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து டயர் கடைக்காரர்கள் ஓடி வந்து அவனைப் பிடித்துக் கட்டிப்போட்டார்கள்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது ஸ்ருதிக்குச் சேதி வந்தது. அடுத்த பஸ்ஸில் அவள் திரும்பினாள்.

ஷாஹினை நெல்லை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வார்டுக்கு வெளியே பெண் எஸ்.ஐ. ஒருவர் ஸ்ருதியிடம் வாக்குமூலம் வாங்கினார். பொறுமையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, பார்லரிலிருந்து எடுத்து வந்த கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார். அது என்ன பக்கம் என்று பார்க்கத் தன் போனை எடுத்தார்.

"மேடம், ஸ்கேன் பண்ணாதிய!" ஸ்ருதி பாய்ந்து அந்த ஸ்டிக்கரைக் கையால் மூடினாள்.

"அவன் போன் எங்கிட்டதானம்மா இருக்கு" என்றார் எஸ்.ஐ. அப்படியும் அவள் கையை எடுக்கவில்லை. அவரே மெதுவாக அந்த விரல்களைப் பிரித்தார். கோணலாகச் சேர்ந்திருந்த இரண்டு விரல்களை அப்போதுதான் கவனித்தார். அதையும் எழுதிக்கொண்டார்.

ஸ்ருதி ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். கட்டு மாற்றும்போது ஷாஹின் பிடித்துக்கொள்ளத் தன் இடது கையைக் கொடுத்தாள். மாரித்தாய் ஒருநாள் பிளாஸ்க்கில் கஞ்சியோடு வந்தாள். வார்டு வாசலில் ஷாஹினின் மாமியார் மகபூப் பீவி சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைக் கண்டு உள்ளே வரத் தைரியமில்லாமல், பிளாஸ்க்கை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். தம்மாமிலிருந்து போனில் பேசிய மகனுக்கு மகபூப் பீவி தினமும் ஒரே பதிலைச் சொன்னார்: "உசுருக்கு ஒண்ணும் இல்லடா. நீ அழாத."

சில வாரங்களுக்குப் பிறகு வீடு திரும்பினார்கள். ஷாஹினின் கழுத்துத் தோல் இறுகிச் சுருங்கியிருந்தது. வலது கையை முழுதாக நீட்ட முடியவில்லை. கத்தரி பிடிக்க வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்லர் ஷட்டர் இறங்கியே கிடந்தது.

இசக்கிராஜாவுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது என்று எஸ்.ஐ. போன் செய்த அன்று, மகபூப் பீவி ஸ்ருதியைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நீ நல்ல புள்ள. எம் மருமவளுக்கு நீ பாத்தத நான் மறக்க மாட்டேன். ஆனா அவன் இன்னொரு தடவ இந்த வாசல்ல வந்து நின்னான்னா எனக்குத் தாங்காதும்மா."

"நானே போயிருதேன்மா" என்றாள் ஸ்ருதி. அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் சொல்லாமல் இருந்திருந்தாலும் அவள் போயிருப்பாள்.

மாடியில் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது ஷாஹின் படியேறி வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். கழுத்தைத் திருப்ப முடியாததால் உடம்போடு திரும்பித்தான் பார்த்தாள்.

"என்மேல கோவமா ஷாஹின்?"

"இல்லன்னு சொன்னாப் பொய். அவன்மேலயும் கோவம், உம்மேலயும் கோவம், அந்த அக்காமேலயும் கோவம். ராத்திரி எரியுதப்போ எல்லார்மேலயும் வருது. விடிஞ்சா போயிருது."

ஸ்ருதி அவள் தோளைத் தொடப் போய், எங்கே தொடுவது என்று தெரியாமல் கையை இறக்கினாள்.

"வேற ஊர்ல ஒரு விடுதியில வேலை இருக்குன்னு எஸ்.ஐ. மேடம் சொன்னாவ. போனதும் உனக்கு நம்பர்..."

"வேண்டாம்." ஷாஹின் இடது கையால் அவள் வாயைப் பொத்தினாள். "எங்க போறன்னு எங்கிட்டச் சொல்லாத. நம்பரும் குடுக்காத. அன்னைக்கு ஊத்துனப்பக்கூட நான் சொல்லல. ஆனா இப்ப அந்தச் சூடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ட்டி. இன்னொரு தடவ வந்து நின்னான்னா நான் சொல்லிருவேன்."

இருவரும் அழுதார்கள். கீழே மகபூப் பீவி தொழுகைக்கு உட்கார்ந்திருந்தார். ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது.