தானாக வந்தவள்

அந்த வீட்டுச் சோபாவில் பெண் காவலர் உட்காரவில்லை. இன்ஸ்பெக்டர்தான் சாய்ந்து உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். எதிரே வீட்டுக்கார அம்மாள். தொலைந்துபோன வைர வளையல் அவள் கையில் மின்னியது.

"பையன்தான் சார் எடுத்திருக்கான். கூடப் படிச்ச பொண்ணு போட்டுப் பார்க்க ஆசைப்பட்டாளாம். குழந்தைங்கதானே!"

குழந்தைக்கு வயது இருபத்து நாலு. மாடியிலிருந்து இறங்கி, ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் மேலே போனது.

"குடும்ப விஷயம். கம்ப்ளைன்டை வாபஸ் வாங்குறதா ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க, போதும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

இந்த வீட்டில் பாத்திரம் துலக்கிய பெண்ணை மூன்று நாளாக ஸ்டேஷனில் வைத்து 'விசாரித்தது' பெண் காவலர்தான். "இன்னும் ரெண்டு போடு, தானா கக்குவா" என்றது இன்ஸ்பெக்டரின் வாய். லத்தி பிடித்தது இவர் கை. கக்குவதற்கு அவளிடம் ஒன்றுமில்லை. "சத்தியமா எடுக்கலக்கா" என்றுதான் கதறினாள். அடித்தவரையும் அக்கா என்றே கூப்பிட்டாள்.

"பையனை விசாரிக்க வேண்டாமா சார்?"

வீட்டுக்கார அம்மாள் முகம் சுளித்தாள். "நல்லாயிருக்கே! அவளும் எங்க பையனும் ஒண்ணா?"

இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பெண் காவலர் முன்னால் போட்டார். "தானா வந்தா, விவரம் சொன்னா, நல்லபடியா வீட்டுக்குப் போனான்னு எழுது. அவகிட்ட கைநாட்டு வாங்கிக்கோ."

பெண் காவலர் எழுதினார். எத்தனை நாள் வைத்திருந்தார்கள், யார் சொல்லி யார் அடித்தார்கள், எல்லாவற்றையும் எழுதினார். மூலையில் சுருண்டு கிடந்தவளிடம் வாசித்தும் காட்டினார். அவள் மிரண்டு போனாள்.

"வேணாங்கா. அவர் சொன்னதையே எழுதுங்க. மூணு நாளா எம் பொண்ணு பக்கத்து வீட்டுல கெடக்கா. என்னை விட்டாப் போதும்."

இன்ஸ்பெக்டர் தாளைப் பிடுங்கிச் சுக்குநூறாகக் கிழித்தார். வேறொரு காவலர் எழுதினார். வீங்கிப்போன கட்டைவிரலை மையில் தோய்த்து இன்ஸ்பெக்டரே அழுத்தினார். வலி தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்ட அவள், "ஐயா, அந்த வீட்டுக்குத் திரும்ப வேலைக்குப் போகலாங்களா?" என்று கேட்டாள்.

பெண் காவலர் வெளியே ஓடிப்போய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தார்.

வாயைக் கழுவிக்கொண்டு வந்து, அவளை ஆட்டோவில் ஏற்றினார். முதலில் மகளைத் தூக்கிக்கொண்டார்கள். பிறகு நேரே அரசு மருத்துவமனை.

"யாரு அடிச்சது?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எதுக்கும்மா வம்பு? படியில விழுந்துட்டான்னு போட்டுக்கறேன்."

"வேண்டாம் டாக்டர். நான் சொன்னதைப் போடுங்க."

வேண்டாவெறுப்பாக எழுதினார். அந்தச் சீட்டை வைத்துத்தான் துறை விசாரணை நடந்தது. இரண்டே மாதத்தில் முடிந்தும்விட்டது. மேலிடத்துக்குத் தெரியாமல் தன்னிச்சையாக அடித்ததாகப் பெண் காவலரை வேலையிலிருந்து நீக்கினார்கள். இன்ஸ்பெக்டர் பெயர் உத்தரவில் எங்கேயும் இல்லை. வீட்டுக்கார அம்மாளையும் பையனையும் சாட்சிக்குக்கூடக் கூப்பிடவில்லை.

உத்தரவை வாங்கிய கையோடு பெண் காவலர் அந்தப் பெண்ணைத் தேடிப் போனார். அவள் பாதிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். வலது கை விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை.

"இனிமே இங்க வராதீங்கக்கா" என்றாள். "தெருவே என்னைத் திருடின்னுதான் பார்க்குது. நீங்க வந்துட்டுப் போனா மறுபடியும் பேசுவாங்க."